எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (1895 – 1948) இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். தசைகள் இயங்குவதற்கான ஆற்றலை அளிக்கும் பாஸ்போகிரியாட்டின், அடினோசின் மூபாஸ்பேட்டு (ஏ.டி.பி.) ஆகிய சேர்மங்களைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். உயிரியல் மாதிரிகளில் பாஸ்பரசின் அளவைக் கண்டறியும் ஃபிசுக்கே-சுப்பாராவ் முறை இவர் பெயரையும் தாங்கியுள்ளது. ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்சேட்டு, யானைக்கால் நோய்க்கான டையெத்தில்கார்பமசின் ஆகிய மருந்துகள் உருவான ஆய்வுக்கூடத்தின் தலைவராகவும் இவர் விளங்கினார். சென்னையில் மருத்துவம் பயின்ற இவர் 1922இல் அமெரிக்கா சென்று, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

இளமை

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த்துறையில் பணியாற்றி, உடல்நலக் குறைவால் முன்னதாகவே ஓய்வு பெற்றவர். தாய் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவருள் சுப்பாராவ் நான்காமவர். குடும்பம் வறுமையில் இருந்தது. பதின்மூன்று வயதில், காசி யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டும் எண்ணத்துடன் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினார். வழியிலேயே பிடித்துத் திருப்பி அழைத்து வரப்பட்டார். படிப்பைத் தொடர வேண்டும் என்பதில் தாய் உறுதியாக இருந்தார்.

ராஜமுந்திரியில் பயின்ற சுப்பாராவ், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தார். இக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈர்க்கப்பட்டுத் துறவு மேற்கொள்ள விரும்பினார். தாய் அதற்கு இசையவில்லை. துறவிக்குரிய தொண்டு மனத்தை மருத்துவத்தின் வழியே நிறைவேற்றலாம் என்ற முடிவுடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

மருத்துவக் கல்வி

மருத்துவக் கல்லூரிச் செலவுகளுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் உதவினர். 1919இல் சேஷகிரியை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டது.

அந்நியத் துணிகளைப் புறக்கணிக்குமாறு காந்தி விடுத்த அழைப்பை ஏற்று, சுப்பாராவ் அறுவை மருத்துவ வகுப்பிலும் கதர் மேலங்கியையே அணிந்தார். இது அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்பீல்டின் அதிருப்திக்கு உள்ளாயிற்று. எழுத்துத் தேர்வுகளில் நன்கு தேறியும் சுப்பாராவுக்கு முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கப்படவில்லை. அதனினும் குறைந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் சேரும் முயற்சியும் பலிக்கவில்லை. எனவே சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் விரிவுரையாளரானார்.

இதற்கிடையில் குடும்பத்தில் பேரிழப்பு நேர்ந்தது. வெப்பமண்டல நாடுகளில் காணப்படும் ஸ்ப்ரூ எனும் நோயால் உடன்பிறந்தோர் இருவர் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். சிறுகுடல் சத்துகளை உறிஞ்சும் திறனை இழப்பதால் ஓயாத வயிற்றுப்போக்கும் இரத்தச்சோகையும் உண்டாகி உடல் உருகுவது இந்நோயின் இயல்பு. காரணமும் தெரியாமல், மருந்தும் இல்லாமல் இருந்த காலம் அது. சுப்பாராவும் இந்நோயால் தாக்கப்பட்டு, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்ததாக அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. மருத்துவம் செய்வதைவிட மருந்து காண்பதே தன் பணி என்ற எண்ணம் இவருள் வேரூன்ற இந்நிகழ்வுகள் காரணமாயின.

அமெரிக்காவில்

அறக்கட்டளைகளின் நன்கொடையும் மாமனாரின் உதவியும் கொண்டு, 1922 அக்டோபர் மாதம் சுப்பாராவ் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவி ஊரிலேயே தங்கினார். ஆர்வர்டு வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தபோதிலும் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இல்லை. இந்தியத் தகுதியைக் கொண்டு அங்கே மருத்துவராகத் தொழில் செய்யவும் இயலவில்லை. எனவே மருத்துவமனை ஒன்றில் இரவு நேரக் கடைநிலை ஊழியராக வேலை செய்தவாறே பட்டயப் படிப்பை முடித்தார். பின்னர் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில், ஓட்டோ ஃபோலின் தலைமையின்கீழ் சேர்ந்து, சைரஸ் ஃபிசுக்கே என்பவருடன் ஆய்வைத் தொடங்கினார்.

பாஸ்பரசு அளவீட்டு முறை

இரத்தம், சிறுநீர், திசு ஆகியவற்றில் உள்ள பாஸ்பேட்டின் அளவை அறிய அப்போது வழக்கில் இருந்தது பெல்-டாய்சி முறையும் அதன் திருத்தங்களுமாகும். பாஸ்பேட்டுடன் மாலிப்டேட்டு சேர்ந்து உண்டாகும் சேர்மத்தை ஆக்சிசன் இறக்கம் செய்தால் நீல நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தி பாஸ்பேட்டின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆனால் இந்த இறக்கத்திற்குப் பயன்பட்ட ஐதரோகுயினோன் மெதுவாகச் செயல்பட்டது. மாதிரியில் உள்ள பிற பொருட்களாலும் அளவீடு பிழைபட்டது.

ஃபிசுக்கேயும் சுப்பாராவும் ஐதரோகுயினோனுக்கு மாற்றாக அமினோநாப்தால்சல்போனிக் அமிலத்தைப் பயன்படுத்தினர். இதனால் நிறம் விரைவாகவும் சீராகவும் தோன்றியது. மில்லிகிராமின் சிறு பின்னம் அளவேயான பாஸ்பரசையும் நம்பகமாக அளக்க முடிந்தது. 1925இல் வெளியான இக்கட்டுரை, உயிர்வேதியியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்றாகும்.

தசையின் ஆற்றல்

இம்முறையின் முதற்பயன் அதை உருவாக்கியவர்களுக்கே கிடைத்தது. பூனையின் தசைச்சாற்றில் பாஸ்பேட்டை அளந்தபோது நீல நிறம் வழக்கம்போல உடனே தோன்றாமல், சற்றுத் தாமதித்து வளர்ந்ததை அவர்கள் கண்டனர். நிலையற்ற சேர்மம் ஒன்று அமிலத்தில் சிதைந்து சிறிது சிறிதாகப் பாஸ்பேட்டை விடுவிப்பதே தாமதத்தின் காரணம் என்று உணர்ந்து, 1927இல் அதைப் பாஸ்போகிரியாட்டின் என அடையாளம் கண்டனர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகிள்டன் இணையரும் இச்சேர்மத்தைத் தனியாகக் கண்டு பாஸ்பஜன் எனப் பெயரிட்டிருந்தனர். எனினும் அதன் வேதி இயல்பைத் தெளிவாக்கியவர்கள் ஃபிசுக்கேயும் சுப்பாராவுமே.

லாக்டிக் அமிலம் உண்டாவதே தசைச் சுருக்கத்திற்கு அடிப்படை என்ற கருத்து அப்போது நிலவியது. இத்துறை ஆய்வுகளுக்காக ஆர்ச்சிபால்டு ஹில், ஓட்டோ மேயராஃப் ஆகியோருக்கு 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. பாஸ்போகிரியாட்டின் கண்டுபிடிப்பு அக்கருத்தை ஐயத்திற்குள்ளாக்கியது. லாக்டிக் அமிலம் உண்டாகாதபோதும் தசை சுருங்கும் என்பதை 1930இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஐனார் லுண்ட்ஸ்கார்டு நிறுவினார்.

1929இல் ஃபிசுக்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்ததை அறிவித்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் இதைத் தனியாகக் கண்டறிந்தார். உயிரணுக்களின் பொது ஆற்றல் நாணயம் என இன்று பள்ளி மாணவர்களும் அறிந்துள்ள மூலக்கூறு இதுவே. 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

நொதியப் பரவல் ஆய்வுகளில் பங்கு

சுப்பாராவின் அளவீட்டு முறை அவர் நேரடியாக ஈடுபடாத துறைகளுக்கும் சென்று சேர்ந்தது. அவற்றுள் ஒன்று, உடலின் எந்த உறுப்பில், எந்த உயிரணுவில் எந்த நொதியம் உள்ளது என்பதை அறியும் ஆய்வு. ஆய்வுக்கூட விலங்குகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பாஸ்பட்டேசு எனப்படும் நொதியங்கள், கரிமச் சேர்மங்களில் பிணைந்துள்ள பாஸ்பேட்டை வெட்டி விடுவிப்பவை. எனவே விடுபட்ட பாஸ்பேட்டை அளந்தால் நொதியத்தின் செயல் தெரியும். எலியின் சுரப்பியை எடுத்து எடைபோட்டு, குளிர்ந்த நீரில் அரைத்து, கிளிசரோபாஸ்பேட்டுடன் 37 பாகை செல்சியசில் குறிப்பிட்ட நேரம் வைத்திருப்பர். பின்னர் அமிலம் சேர்த்து வினையை நிறுத்தி, புரதங்களை வடிகட்டி நீக்கி, ஃபிசுக்கே-சுப்பாராவ் முறையில் நிறத்தை அளப்பர். நொதியம் செயல்படுமுன்பே நிறுத்தப்பட்ட இன்னொரு குழாயின் அளவைக் கழித்தால், ஒரு கிராம் திசுவில் உள்ள நொதியச் செயல் கிடைக்கும். காரச் சூழலில் செய்தால் காரப் பாஸ்பட்டேசும், அமிலச் சூழலில் செய்தால் அமிலப் பாஸ்பட்டேசும் வெளிப்படும்.

இவ்வாறு கிடைப்பது முழுச் சுரப்பியின் கூட்டுத்தொகையே. சுரப்பியில் உமிழ்நீரைச் சுரக்கும் நுண்பைகள், அதைக் கொண்டு செல்லும் நாளங்கள், நுண்பைகளைத் தழுவி அழுத்தும் தசைப்புறவணி உயிரணுக்கள், இரத்தக் குழாய்கள் எனப் பலவும் கலந்துள்ளன. அரைத்துவிட்டால் எது எங்கிருந்தது எனத் தெரியாது. இக்குறையை நீக்கும் வழியை 1939இல் ஜார்ஜ் கோமோரியும் ஜப்பானைச் சேர்ந்த தக்காமட்சுவும் தனித்தனியே கண்டனர். மெல்லிய திசுச் சீவலில் விடுபடும் பாஸ்பேட்டை அவ்விடத்திலேயே கால்சியத்துடன் வீழ்படிவாக்கி, அப்படிவைக் கருநிறமாக மாற்றினால் நொதியம் இருக்கும் இடத்தை நுண்ணோக்கியில் காணலாம். 1957இல் வாக்ஸ்டைனும் மைசலும் இவ்வகை முறையில் ஏ.டி.பி.யையே வினைப்பொருளாக வைத்து, அதைச் சிதைக்கும் நொதியங்களின் இருப்பிடத்தைக் காட்டினர். சுப்பாராவ் அளக்கக் கற்றுக்கொடுத்த பாஸ்பேட்டும், அவர் பிரித்தெடுத்த ஏ.டி.பி.யும் இவ்வாறு திசுவியலுக்குள் நுழைந்தன.

இத்தகைய முறைகளால் உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பற்றித் தெரியவந்த செய்திகள் பல:

* எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் காரப் பாஸ்பட்டேசு தசைப்புறவணி உயிரணுக்களில் மிகுந்து காணப்படுகிறது. ஆகையால் இவ்வுயிரணுக்களை அடையாளம் காணவே இந்நொதியம் பயன்பட்டது.
* வரியுடைய நாளங்களின் உயிரணுக்களில் இழைமணிகள் நிறைந்துள்ளன. உமிழ்நீரிலிருந்து சோடியத்தை மீட்பதற்கு ஏ.டி.பி.யின் ஆற்றல் தேவைப்படுவதே இதன் காரணம். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கடத்தும் ஏ.டி.பி. சிதைக்கும் நொதியம் இங்கே மிகுதி.
* மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேசு எலியின் கன்னச் சுரப்பியில் ஏராளம். நாயின் உமிழ்நீரிலோ மிகக் குறைவு.
* சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பியில், புரதம் சிதைக்கும் நொதியங்களைத் தேக்கும் நாளப் பகுதி பெண்ணைவிட ஆணில் பெரிது. ஆண் இயக்குநீரே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

ஒரு விலங்கில் கண்டதை மற்றொன்றுக்கு, ஏன், ஒரே விலங்கின் மறு பாலுக்குக்கூட, அப்படியே பொருத்தக் கூடாது என்பதே இவற்றிலிருந்து பெறும் பாடம். மருந்து ஆய்வில் விலங்குகளைத் தேர்ந்தெடுப்போர் இதை இன்றும் கருத்தில் கொள்கின்றனர்.

லெடர்லே ஆய்வுக்கூடம்

ஆர்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பேராசிரியப் பதவி கிடைக்கவில்லை. ஏ.டி.பி. ஆய்வில் அவரது பங்கு ஃபிசுக்கேயின் பெயருக்குப் பின்னே மறைந்தே இருந்தது. 1930களில் அவர் கல்லீரலில் இரத்தச்சோகையைப் போக்கும் பொருளைத் தேடும் ஆய்வில் ஈடுபட்டார். 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் முழுநேரமாகச் சேர்ந்து, விரைவில் ஆய்வு இயக்குநரானார்.

ஃபோலிக் அமிலம்

இந்தியாவில் கருவுற்ற பெண்களைத் தாக்கிய ஒருவகை இரத்தச்சோகை, ஈஸ்ட் சாற்றால் குணமாவதை 1931இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாயில் செய்த ஆய்வுகளின் வழியே வெளியிட்டிருந்தார். அதில் உள்ள சத்து எது என்பது தெரியவில்லை. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைக் கீரையிலிருந்து ஒரு வளர்ச்சிப் பொருளைச் செறிவாக்கி, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். சுப்பாராவின் குழு 1945இல் இதன் அமைப்பைக் கண்டறிந்து, செயற்கையாகத் தயாரித்தும் காட்டியது. அதன்பின்னரே நோயாளிகளுக்குப் போதுமான அளவில் இது கிடைக்கலாயிற்று.

டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் இதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்து நற்பலன் கண்டார். உடன்பிறந்தோர் இருவரைக் கொண்டுபோன நோய்க்கு, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின்னர் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்தே மருந்து வந்தது. இன்று தமிழ்நாட்டிலும் இந்தியாவெங்கும் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்துடன் சேர்த்து ஃபோலிக் அமில மாத்திரை வழங்கப்படுகிறது.

புற்றுநோய் மருந்து

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருள் கிடைத்தால் இரத்தப் புற்றுநோய் உயிரணுக்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தலாம் என எண்ணினார். அத்தகைய எதிர்ப்பொருட்களைச் சுப்பாராவின் குழுவினர் தயாரித்து அளித்தனர். அவற்றுள் அமினோப்டெரின் எனும் மருந்து கொடுக்கப்பட்ட 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் ஃபார்பர் வெளியிட்டார். அக்காலத்தில் இரத்தப் புற்று கண்ட குழந்தை சில மாதங்களில் இறப்பது உறுதி என்றே கருதப்பட்டது. வேதிப்பொருளால் அந்நோயைத் தணிய வைக்க முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட்டு, அமினோப்டெரினின் இடத்தைப் பிடித்தது. ஃபோலேட்டைச் செயல்வடிவாக மாற்றும் நொதியத்தை இம்மருந்து முடக்குகிறது என்பது 1950களின் இறுதியில் தெளிவாயிற்று. இன்று புற்றுநோய்க்கு மட்டுமன்றி, முடக்குவாதத்திற்கும் குறைந்த அளவில் இது கொடுக்கப்படுகிறது.

யானைக்கால் நோய் மருந்து

இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படைவீரர்கள் யானைக்கால் நோய்க் கிருமிகளுக்கு ஆளாயினர். அதற்கான மருந்தைத் தேடிய லெடர்லே ஆய்வாளர்கள், இயற்கையாகவே அத்தகைய புழுக்கள் தொற்றும் பருத்தி எலிகளில் பல்வேறு சேர்மங்களைச் சோதித்தனர். 1947இல் டையெத்தில்கார்பமசின் கண்டறியப்பட்டு, ஹெட்ரசான் என்ற பெயரில் வெளிவந்தது. இரத்தத்தில் உள்ள இளம்புழுக்களை இது விரைவாக அழிக்கிறது. ஏற்கெனவே வீங்கிய காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இதனால் இயலாது. ஆனால் நோய் பரவுவதைத் தடுக்க இயலும்.

இந்தியாவில் 1955இல் தொடங்கிய தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்திலும், 2004 முதல் நாடு தழுவி நடைபெற்ற மருந்து வழங்கும் இயக்கத்திலும் இம்மருந்தே முதன்மை பெற்றது. இலங்கையில் அல்பெண்டசோலுடன் சேர்த்து இது வழங்கப்பட்டது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து யானைக்கால் நோய் இலங்கையில் நீக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. அந்நிறுவனம் 2017இல் பரிந்துரைத்த மும்மருந்துக் கூட்டிலும் டையெத்தில்கார்பமசின் ஒன்றாகும்.

நுண்ணுயிர் எதிர்ப்பி

தாவரவியலாளரான பெஞ்சமின் டக்கர் எழுபது வயதைக் கடந்த நிலையில் லெடர்லேயில் பணியாற்றி, மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1945இல் ஆரியோமைசினைக் கண்டறிந்தார். டெட்ராசைக்கிளின் வகை மருந்துகளுள் முதலாவதான இது 1948இல் வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது. இந்த ஆய்வும் சுப்பாராவின் இயக்கத்தில் நடந்ததேயாகும்.

மறைவு

1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பால் இந்தியர் அந்நாட்டின் குடியுரிமை பெறும் வழி அடைபட்டிருந்தது. 1946இல் இயற்றப்பட்ட சட்டமே அதை மீண்டும் திறந்தது. ஆயினும் சுப்பாராவ் அமெரிக்கக் குடிமகனாகாமலே இருந்தார். இந்தியாவிற்கும் திரும்பவில்லை. மனைவியை மீண்டும் காணும் வாய்ப்பும் அமையவில்லை. 1948 ஆகஸ்ட் மாதம் மாரடைப்பால் உறக்கத்திலேயே காலமானார். அப்போது இவருக்கு வயது 53. ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டதும், ஃபார்பரின் கட்டுரை வெளியானதும் அதே ஆண்டில்தான்.

மதிப்பீடு

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. தன் குழுவினரின் கண்டுபிடிப்புகளில் தன் பெயரை முன்னிறுத்திக் கொள்ளாதது அவர் வெளியே அறியப்படாததற்கு ஒரு காரணம். கல்விக்கூடத்தை விட்டு மருந்து நிறுவனத்தில் பணியாற்றியது மற்றொரு காரணம். ஆர்வர்டில் ஃபிசுக்கே, சுப்பாராவ் ஆகியோரிடம் மாணவராக இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், உயிரணுக்களின் நியூக்ளிக் அமில ஆக்கத்தைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கியமைக்காக 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

1953இல் புதிதாக விவரிக்கப்பட்ட பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்கு இவர் நினைவாகச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயர் சூட்டப்பட்டது. நூற்றாண்டை முன்னிட்டு 1995இல் இந்திய அஞ்சல் துறை சிறப்பு அஞ்சல் தலை வெளியிட்டது. ஃபோலிக் அமிலம், மெத்தோட்ரெக்சேட்டு, டையெத்தில்கார்பமசின் ஆகிய மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. பாஸ்பேட்டை அளக்கும் அவரது முறை, பல திருத்தங்களுடன், கல்லூரி உயிர்வேதியியல் செய்முறை வகுப்புகளில் இன்றும் கற்பிக்கப்படுகிறது.